சைவத்துக்கு மாறுகிறவருக்கு நம் கடையில் என்ன இருக்கிறது?



புரட்டாசி நம் வட்டார மளிகைக் கடைகளுக்குத் தனியான மாதம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் சீனிவாசப் பெருமாளைச் சேவிக்கச் சனிக்கிழமைதோறும் கூட்டம் மலையேறும். வன்னியம்பட்டியிலும் சுற்று ஊர்களிலும் பல வீடுகளில் கறிச்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். கடைகளில் முட்டை அட்டை அட்டையாகத் தேங்கும். புரட்டாசி முடிந்து ஐப்பசியில் கொஞ்சம் மூச்சு விட்டால், கார்த்திகையில் ஐயப்பன் மாலை, பிறகு மார்கழி, தைப்பூசம் என்று விரதம் தொடர்கிறது.

இவர்கள் எல்லாம் நாள் கணக்கு வைத்து விடுகிறவர்கள். இப்போது வேறு இரண்டு வகையினரும் வருகிறார்கள். டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னதால் கறியை விட்டவர்கள் ஒரு வகை. பால், தயிர், நெய், தேன்கூட வேண்டாம் என்கிற இளைஞர்கள் இன்னொரு வகை. இதற்கு 'வீகன்' என்று பெயர். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் வைத்த பெயர் அது. புலால் மறுத்தல் நமக்குப் புதிதல்ல. திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. ஆனால் பாலையும் விடுவது நம் ஊருக்குப் புதிது. பால்கோவா ஊர்க்காரரிடம் போய்ப் பாலை விடச் சொல்கிறவருக்குத் துணிச்சல் அதிகம்தான்!

விடுவது எளிது, விட்ட இடத்தை நிரப்புவதில்தான் சிக்கல். நம் கடைக்கு வரும் ஒரு மில் தொழிலாளிப் பெண், மாலை போட்ட வீட்டுக்காரரோடு சேர்ந்து தானும் கறி, முட்டையை நிறுத்தினார். வீட்டுக்காரர் மாலையைக் கழற்றிய பிறகும் அவர் தொடரவில்லை, விட்டது விட்டதாகவே இருந்தார். சில மாதம் கழித்து, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றார். ஆஸ்பத்திரியில் இரத்தம் குறைவு என்று சொன்னார்களாம். அதற்குக் காரணம் பல இருக்கலாம். அதைச் சொல்ல நாம் வைத்தியர் அல்ல. ஆனால் அவர் வீட்டுப் பற்று நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். அரிசி, புளி, வத்தல், காப்பித்தூள் எல்லாம் பழைய அளவில் இருந்தன. பருப்பு, பயறு, கடலை ஒன்றுகூட ஒரு பிடி கூடவில்லை. கறி போன இடத்தில் சோறும் ரசமும் உருளைக்கிழங்கும்தான் உட்கார்ந்திருந்தன. ஒரு குடும்பம் என்ன சாப்பிடுகிறது என்பது டாக்டருக்குத் தெரிவதற்கு முன்பே மளிகைக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் அளவுக்கும், நிலக்கடலையில் 25 கிராம் அளவுக்கும் உண்டு. ஆகவே ஆளுக்கு ஒரு கைப்பிடி பச்சைப்பயறோ கொண்டைக்கடலையோ சுண்டலாகப் போனால், ஒரு முட்டைக்கு ஈடாகிவிடும். அரிசிப் புரதத்தில் உள்ள குறையைப் பருப்பும், பருப்பில் உள்ள குறையை அரிசியும் சரிக்கட்டுகின்றன. நம் முன்னோர் இட்லிக்கு உளுந்தும் பொங்கலுக்குப் பாசிப்பருப்பும் சேர்த்தது வீணுக்கல்ல.

மீல்மேக்கர் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் விற்பதும் அதிகம் குறை கேட்பதும் அதுதான். சோயாவில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் மெஷினில் தள்ளினால் பஞ்சு போல உப்பி வருகிறது. 100 கிராமில் புரதம் 52 கிராம் அளவுக்கு இருக்கும். "வாடை அடிக்கிறது, ரப்பர் மாதிரி இருக்கிறது" என்று திருப்பிக் கொண்டுவருபவரிடம் சமைத்த விதத்தைக் கேளுங்கள். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஒட்டப் பிழிந்த பிறகுதான் மசாலாவில் சேர்க்க வேண்டும். பிழியாமல் போட்டால் மசாலா உள்ளே ஏறாது. ஊறினால் இரண்டு மூன்று மடங்காகும் சரக்கு என்பதால், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 100 கிராம் போதும். கால் கிலோவாகக் கட்டிக் கொடுத்து, முதல் நாளே திகட்ட வைத்து, அவரை இழக்க வேண்டாம்.

இன்னொன்று கவனித்திருப்பீர்கள். புரட்டாசியில் முட்டை படுத்தாலும் பட்டை, கிராம்பு, சோம்பு, கசகசா படுப்பதில்லை. மக்கள் விடுவது கறியைத்தான். கறிக்குழம்பின் ருசியை அல்ல. சேனைக்கிழங்கைத் துண்டு போட்டு, மீன் மசாலா தடவி, தோசைக்கல்லில் வறுத்தால் மீன் கேட்கிற பிள்ளைகளும் வாய் திறக்காமல் சாப்பிடும். பலாக்காயும் வாழைப்பூவும் அப்படித்தான். காளான் நல்ல பண்டமே, ஆனால் குளிர்பெட்டி இல்லாத கடை அதைத் தொட வேண்டாம்.

முட்டைக்குப் பதில் ஆம்லெட் மாதிரி வேண்டுமென்றால் கடலை மாவு. கேக் செய்கிறவர் ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரில் ஊற வைத்துச் சேர்க்கலாம். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் ருசிக்கு உதவும், புரதத்துக்கு உதவாது. அதற்கு நிலக்கடலைப் பாலோ சோயாப் பாலோதான். சுண்ணாம்புச் சத்துக்கு ராகி இருக்கிறது. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம். பசும்பாலில் அதே எடைக்கு 120 அளவுதான். எள்ளில் ராகியைவிடவும் அதிகம். இனிப்புக்குக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இருக்கவே இருக்கிறது. கைக்குழந்தைக்கு மட்டும் இந்தப் பால்கள் எதையும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

இரும்புச் சத்து கீரை, பயறு, கம்பு ஆகியவற்றில் உண்டு. உடம்பில் ஒட்ட வேண்டுமானால் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ, காப்பி குடித்தால் அது கெட்டுப்போகும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பி12 வைட்டமின் விஷயம் வேறு. அது எந்தப் பருப்பிலும் கீரையிலும் கிடைக்காது. புளித்த மாவில் கிடைக்கும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். பால், தயிர் சாப்பிடுகிறவருக்கு ஓரளவு கிடைக்கும். பாலையும் விட்டவர் டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிவிடுவது நம் கடமை.

பாக்கெட் சரக்கில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். பச்சைப் புள்ளி இருந்தும் பால்பவுடரும் நெய்யும் தேனும் இருக்கலாம். எனவே வீகன் என்று கேட்பவருக்குப் புள்ளியைக் காட்டி பிஸ்கட்டை விற்றால் மறுநாள் சண்டைக்கு வருவார். வீகன் உணவுக்கு 2022-ல் மத்திய அரசு தனி விதிமுறை கொண்டுவந்தது. ஆங்கில 'வி' எழுத்தில் செடி முளைத்தாற்போன்ற பச்சை முத்திரை அதற்குண்டு. முத்திரை இல்லாவிட்டால் பின்பக்கச் சேர்மானத்தைப் படித்துத்தான் கொடுக்க வேண்டும். வரியையும் பாருங்கள்: சோயாப் பால், தாவரப் பால் பானங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பழைய விலை அச்சிட்ட பாக்கெட் இன்னும் அலமாரியில் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

துவரம்பருப்பு மலிவாக வருகிறதென்றால் கேசரிப் பருப்பு கலந்திருக்கிறதா என்று ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் சரிந்து, கோடரி முனை போலச் சப்பையாக இருக்கும். தொடர்ந்து அதிகம் சாப்பிட்டால் கால் விளங்காமல் போகும், விற்பதும் குற்றம். கறியை விட்டுப் பருப்பையே நம்பியிருக்கிற வீட்டில் அந்தக் கலப்படம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விருதுநகரிலிருந்து சரக்கு எடுப்பவர்கள் ஆவணி கடைசியிலேயே பயறு, கொண்டைக்கடலை, மீல்மேக்கரைச் சொல்லி வைப்பது நல்லது. பழைய கொண்டைக்கடலை எத்தனை விசில் வைத்தாலும் வேகாது. மூட்டையிலிருந்து பத்துக் கடலையை இரவில் ஊறப் போட்டு, காலையில் பிதுக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முட்டையைப் பாதியாகக் குறையுங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம். விரதம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் நம் வாடிக்கையாளர்கள்தாம்.