புயல், வெள்ளக் காலத்தில் கைகொடுக்கும் மடக்கு அடுப்பு

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் விதையையும் வைக்கோலையும் நனையாமல் காக்க நாம் ஏற்பாடு செய்கிறோம். ஆனால், மழை நாட்களில் வீட்டில் அடுப்பெரிய என்ன ஏற்பாடு என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அதன்பின் டெல்டா மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. இத்தகைய நாட்களில் மண்ணடுப்பு கரைந்துவிடும், விறகு நனைந்துவிடும், எரிவாயு தீர்ந்தால் அடுத்த சிலிண்டர் வந்து சேர வழியிராது. கிணற்று நீரில் வெள்ள நீர் கலந்திருக்கும். அதைக் காய்ச்சாமல் குடித்தால் வயிற்றுப்போக்கு வரும். கைக்குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, ஒரு சிறிய மடக்கு அடுப்பும் சிறிதளவு உலர்ந்த எரிபொருளும் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பது நலம்.

அடுப்பின் வகைகள்

மடக்கு அடுப்புகளில் இரண்டு வகை உண்டு.

வில்லை அடுப்பு: கையளவே உள்ள தகரப் பெட்டி. பக்கத் தகடுகளை விரித்தால் அவையே பாத்திரம் தாங்கும் கால்களாகும். நடுவில் ஹெக்ஸமின் என்னும் திட எரிபொருள் வில்லையை வைத்துக் கொளுத்த வேண்டும். 1936ஆம் ஆண்டு ஜெர்மனியில் 'எஸ்பிட்' என்ற பெயரில் வெளிவந்த இம்முறை, படைவீரர்களிடையே பெரிதும் பரவியது. 14 கிராம் வில்லை ஒன்று சுமார் 12 நிமிடம் எரியும். காற்றை மறைத்து, பாத்திரத்தை மூடி வைத்தால் அரை லிட்டர் நீர் கொதித்துவிடும்.

சுள்ளி அடுப்பு: ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் நான்கு இரும்புத் தகடுகளும், துளையிட்ட ஓர் அடித்தட்டும் கொண்டது. பிரித்து அடுக்கினால் ஒரு நோட்டுப் புத்தக அளவே இருக்கும். சுள்ளி, கொட்டாங்கச்சி, மக்காச்சோளச் சக்கை, துவரைமார் ஆகியவற்றை ஒடித்துப் போட்டு எரிக்கலாம். எரிபொருள் நம் நிலத்திலேயே கிடைப்பதால் உழவர்களுக்கு இந்த வகையே ஏற்றது.

எவ்வளவு எரிபொருள் தேவை?

ஒரு லிட்டர் நீர் கொதிக்க 100 முதல் 150 கிராம் வரை நன்கு உலர்ந்த சுள்ளி வேண்டும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 8 லிட்டர் குடிநீர் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ ஒரு கிலோ சுள்ளி தேவை. மூன்று நாட்களுக்குக் குடிநீரும் கஞ்சியும் சேர்த்து 5 கிலோ போதும்.

கோடையிலேயே விரல் பருமனுள்ள சுள்ளிகளைச் சாண் நீளத்துக்கு ஒடித்து, வெயிலில் காயவைத்து, மூடியுள்ள வாளியிலோ பாலித்தீன் பையிலோ காற்றுப் புகாமல் கட்டிப் பரண்மேல் வையுங்கள். தீப்பெட்டியையும் அதனுள்ளேயே வைத்துவிடுங்கள்.

அரளிக் குச்சியை எரிக்கக் கூடாது. அதன் புகையும் நஞ்சாகும். கடலோர ஊர்களில் உள்ளவர்கள் தில்லை மரத்தையும் தவிர்க்க வேண்டும்; அதன் பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும். வர்ணம் பூசிய பலகை, பிளாஸ்டிக், ரப்பர் ஆகியவற்றையும் எரிக்க வேண்டாம்.

பயன்படுத்தும் முறை

1. அடுப்பைச் சமமான தரையில், இரண்டு செங்கற்களின் மேல் வையுங்கள். அடித்தகடு பழுக்கக் காயும். ஆகவே பலகை, பாய் ஆகியவற்றின் மேல் வைக்கக் கூடாது.

2. காற்று வரும் பக்கத்தைச் செங்கல்லாலோ தகரத்தாலோ மறையுங்கள். ஆனால் அடித்தட்டின் துளைகளை அடைத்துவிடாதீர்கள். கீழிருந்து காற்று ஏறினால்தான் தீ புகையாமல் எரியும்.

3. முதலில் தென்னம்பன்னாடை அல்லது காய்ந்த சருகை வைத்துப் பற்றவையுங்கள். பிறகு மெல்லிய குச்சி, அதன்பின் பருமனான குச்சி என்று சிறிது சிறிதாக இடுங்கள்.

4. ஒரு லிட்டருக்கு மேற்படாத, மூடியுள்ள பாத்திரத்தையே ஏற்றுங்கள். பாத்திரத்துக்கும் அடுப்பின் விளிம்புக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும்.

குடிநீர் காய்ச்சுதல்

கலங்கிய நீரைத் தெளியவைத்து, நான்காக மடித்த தூய துணியில் வடிகட்டுங்கள். நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதித்தால் போதும். அதற்கு மேல் எரிப்பது விறகுக்கு நட்டம்.

ஒன்றை மறவாதீர்கள். கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும்; உப்போ பூச்சிமருந்தோ போகாது. மருந்துப் புட்டிகள் வைத்த அறைக்குள் வெள்ளம் புகுந்திருந்தால், அக்கம்பக்கத்து நீரை எவ்வளவு காய்ச்சினாலும் குடிக்கலாகாது. மருந்து இருந்த டப்பாவில் நீர் காய்ச்சுவதும் கூடாது.

விறகைச் சேமிக்கும் வழி

ஒரு பங்கு நொய்யை அரைமணி நேரம் ஊறவைத்து, ஐந்து பங்கு நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். பின் மூடியோடு இறக்கி, அடியில் கங்கு ஒட்டவில்லை என்று பார்த்துத் துணியால் சுற்றுங்கள். ஒரு கூடையில் சுற்றிலும் அடியிலும் மேலும் சாண் கனத்துக்கு உலர்ந்த வைக்கோலைத் திணித்து, நடுவே பாத்திரத்தை வையுங்கள். ஒரு மணி நேரத்தில் கஞ்சி தன் சூட்டிலேயே வெந்துவிடும். சூடாக இருக்கும்போதே குடித்துவிட வேண்டும்.

எச்சரிக்கை

மழைக்கு அஞ்சி, கதவைச் சாத்திய அறைக்குள் எந்த அடுப்பையும் எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி தோன்றினால் அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். காற்றோட்டமுள்ள திண்ணை அல்லது தாழ்வாரமே ஏற்ற இடம். கூரை ஓலை, வைக்கோற்போர், மாட்டுக்கொட்டில் ஆகியவற்றின் அருகில் வேண்டாம்.

ஈரச் சுள்ளி பற்றவில்லை என்று மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றக் கூடாது. ஹெக்ஸமின் வில்லை கற்பூரம்போல் வெண்மையாக இருக்கும், தின்றால் நஞ்சு. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எடுத்தபின் கையைக் கழுவுங்கள். வேலை முடிந்ததும் சாம்பலில் நீர் தெளித்து, அடுப்பு ஆறியபின் மடியுங்கள். துருவேறாமல் இருக்கச் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி வைக்கலாம்.

புயல் வரும் நாளில் அடுப்பைக் கோக்கக் கற்றுக்கொள்ள நேரமிராது. புரட்டாசி முடியுமுன் ஒருநாள் மாலை, வயற்காட்டிலோ வாசலிலோ ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்துப் பாருங்கள். எத்தனை குச்சி செலவாயிற்று, எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்கள் அனைவரும் ஒருமுறை பற்றவைத்துப் பழகட்டும். வெள்ளம் வருமுன் அணைகோலுதல் வயலுக்கு மட்டுமன்று, அடுப்படிக்கும் பொருந்தும்.