ஸ்பேனரைக் கொஞ்சம் கீழே வை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆடியோவைக் கேட்டேன். டிசையர் டீசல் டாக்சி, மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய ஓட்டம். தட்டுகிற சத்தம், பின்னால் நீலப் புகை, சூடானதும் ஐடிலிங்கில் ஆயில் லைட் மின்னுகிறது. ஓனர் ஷெட் வாசலிலேயே நின்றுகொண்டு, "இன்ஜின் போச்சா, இல்லையா?" என்று கேட்கிறார். நீ இன்ஜினை இறக்கிவிட்டுப் புதுப்பேட்டையில் ஹாஃப் இன்ஜின் விசாரிக்கலாம் என்கிறாய்.

கடைசியில் அங்கேதான் போய் நிற்போமோ என்னவோ. ஆனால் சில விஷயங்களை இன்ஜின் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் சொல்லும். இறக்கி ஸ்டாண்டில் ஏற்றிவிட்டால் ஆயில் பிரஷர் பார்க்க முடியாது. சூட்டில் சத்தம் எப்படி மாறுகிறது என்று கேட்க முடியாது. தேய்ந்த சாமான்கள் கண்ணுக்குத் தெரியும், ஏன் தேய்ந்தன என்பது தெரியாது. அது தெரியாமல் வேறு இன்ஜின் ஏற்றினால் அதுவும் அதே வழியில் போகும்.

முதலில் ஓனரிடம் பேசு. கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது, நடுவில் எவ்வளவு ஊற்றினார், சத்தம் முதலில் வந்ததா புகை முதலில் வந்ததா, என்றைக்காவது தண்ணீரில் நின்றதா என்று கேள். சென்னை வண்டி என்றால் கடைசிக் கேள்வியை விடாதே. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்குச் சாவி போட்டுப் பார்த்தவர்கள் ஏராளம். ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராட்தான் வளையும். லேசாக வளைந்திருந்தால் வண்டி அதற்குப் பிறகும் ஓடும். பின்னொரு நாள் ஹெட்டைக் கழட்டி, பிஸ்டன் மேலே வரும் உயரத்தை டயல் கேஜில் அளந்தால்தான் ஒன்று மட்டும் குட்டையாக நிற்பது தெரியும்.

அடுத்து டிப்ஸ்டிக். ஆயில் லைட் மின்னும் வண்டியை ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்பது அப்புறம். அளவு குறைந்திருந்தால் அது ஒரு கதை. மேல் கோட்டையும் தாண்டியிருந்தால் அது வேறு கதை, இன்னும் மோசமானது. துணியில் ஒரு சொட்டு வைத்து முகர்ந்து பார். டீசல் வாடை வந்தால் ஏதோ ஒரு இன்ஜெக்டர் ஒழுகி, டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கலாம். ஆயில் தண்ணியாகிவிட்டால் பேரிங்கில் படலம் நிற்காது. பிரஷர் இறங்கும், சத்தம் வரும், ரிங்கும் தேயும். நீ மூன்று வியாதி என்று எழுதிவைத்திருப்பது ஒரே வியாதியாகக்கூட இருக்கலாம். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர். மூடியின் அடியில் மட்டும் வெள்ளையாக இருந்தால் பயப்படாதே. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கிட்டக் கிட்ட ஓடுகிற வண்டிகளில் ஆவி படிந்து அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் விஷயம்.

டேஷ்போர்டு லைட்டை நம்பாதே. ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழட்டி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டு. சூடான இன்ஜினில் ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்பது பழைய கணக்கு. துல்லியம் கிடையாது, ஆனால் திசை காட்டும். கேஜில் பிரஷர் நன்றாக இருந்தால் ஸ்விட்சும் ஒயரும்தான் குற்றவாளி. நிஜமாகவே இல்லை என்றால் உடனே ஆஃப் செய்.

ஆனால் கேஜ் பார்க்க ஸ்டார்ட் செய்யும் முன்பே ஃபில்டர். இதற்குச் செலவே இல்லை, ஆனாலும் பாதிப் பேர் செய்வதில்லை. இந்த 1,248 சிசி இன்ஜினில் காகித எலிமெண்ட் என்பதால் தகர டப்பாவை அறுக்கும் வேலைகூட இல்லை. மடிப்பை ஒவ்வொன்றாக விரித்து வெயிலில் பிடி. மின்னுகிற தூளைக் காந்தத்தில் இழுத்துப் பார். ஒட்டினால் இரும்பு: கிராங்க், கேம், செயின் பக்கம் யோசி. ஒட்டாமல் வெள்ளையாகவோ செம்பு நிறத்திலோ செதில் செதிலாக வந்தால் அநேகமாக பேரிங். செம்பு தெரிந்தால் மேல் பூச்சு போய் அடிப்படலம் தேய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த இன்ஜினை ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யாதே, சத்தமும் கேட்க வேண்டாம். சம்ப்பை இறக்கி பேரிங் கேப்பைக் கழட்டு. கிராங்க் ஜர்னலில் கோடு விழும் முன் பிடித்தால் பேரிங் செலவோடு போகும், விழுந்தால் கிரைண்டிங் கடை வரை போகும்.

ஃபில்டர் சுத்தமாக, கேஜில் பிரஷரும் சரியாக இருந்தால் மட்டும் இன்ஜினை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் பெல்ட் பக்கம் கரகரவென்று வந்து ஆயில் ஏறியதும் அடங்கினால் டைமிங் செயினையும் டென்ஷனரையும் சந்தேகப்படு. அடியிலிருந்து கனமாக, லோடு கொடுத்தால் ஏறுகிற தட்டல் ராட் பேரிங்காக இருக்கலாம். ஆனால் கெட்ட இன்ஜெக்டரும் அச்சு அசலாக அப்படித்தான் தட்டும். நல்ல இன்ஜின்கள் எத்தனையோ இந்த ஏமாற்றில் இறங்கியிருக்கின்றன. பழைய பம்ப் டீசலில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி ஒவ்வொரு சிலிண்டராக வெட்டிப் பார்ப்போம். நீ காமன் ரெயிலில் அதைச் செய்யாதே. உள்ளே ஆயிரம் பாருக்கு மேல் போகிற பிரஷர், பீய்ச்சினால் தோலுக்குள்ளேயே இறங்கிவிடும். ஸ்கேனரில் ஒவ்வொரு இன்ஜெக்டராக கட் செய். ஒன்றை வெட்டியதும் சத்தம் அடங்கினால், அந்த சிலிண்டரில்தான் வில்லங்கம் என்பது மட்டும் உறுதி. இன்ஜெக்டரா ராடா என்பது இன்னும் இல்லை. அந்த இன்ஜெக்டரை அடுத்த சிலிண்டருக்கு மாற்றி, சில மாடலில் அதன் கோட் எண்ணையும் ஏற்றி, மறுபடி கேள். சத்தமும் கூடவே போனால் பம்ப் கடைக்கு அனுப்பு, இன்ஜின் தப்பித்தது.

நீலப் புகை என்றதும் நீ ரிங் என்று முடிவு கட்டியிருக்கிறாய். டர்போ சீல் போனாலும் நீலம்தான். இன்டர்கூலர் பைப்பைக் கழட்டிப் பார், லேசான ஈரம் சகஜம். குளமாகத் தேங்கியிருந்தால் டர்போ ஷாஃப்ட்டை விரலால் ஆட்டிப் பார். அதிலும் அவசரப்படாதே. ரிங் வழியாகக் கீழே கசிகிற பேக் கம்ப்ரஷன் அதிகமாக இருந்தால் டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்க வழியில்லாமல், நல்ல டர்போவே புகை கக்கும். புது டர்போ போட்டு ஒரே மாதத்தில் மறுபடி புகையோடு வருகிற வண்டிகளின் கதை பெரும்பாலும் இதுதான். டர்போ மோசமாக ஒழுகினால் இன்னொரு ஆபத்து: இன்ஜின் தன் ஆயிலையே குடித்து, சாவியை எடுத்தாலும் நிற்காமல் ரேஸ் ஆகும். அப்போது டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்திக் கிளட்சை விட்டு நிறுத்து. காற்று வழியைக் கையால் அடைக்கப் போகாதே.

கம்ப்ரஷனை குளோ பிளக் துளை வழியாகப் பார், பேட்டரி நிறைந்திருக்கட்டும். மொத்த அளவைவிட நான்கு சிலிண்டருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் பேசும். பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் இறங்கியிருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட். ஒன்று மட்டும் குறைவு என்றால், பெட்ரோலில் செய்வதுபோல ஆயில் ஊற்றி மறுபடி பார்க்காதே. டீசலின் குட்டி சேம்பரில் அந்த ஆயிலே அளவை ஏற்றிக் காட்டும். பிஸ்டனை மேலே நிறுத்தி கம்ப்ரஸர் காற்றைக் கொடு. சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு, ஆயில் மூடியில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி விட்டால் கேஸ்கட் அல்லது ஹெட்டில் கிராக். காற்று கொடுத்ததும் கிராங்க் திடீரென்று திரும்பும், கையை பெல்ட் பக்கம் வைக்காதே.

ஹெட்டைக் கழட்ட வேண்டி வந்தால் காரணத்தையும் தேடு, தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பார். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று பிடுங்கிப் போடுகிற மேதைகள் இன்னும் இருக்கிறார்கள். கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றி ரேடியேட்டருக்குள் உப்பு கட்ட வைப்பவர்கள் அவர்களுக்கு அண்ணன்மார்.

இதெல்லாம் முடிய ஒன்றரை நாள் ஆகலாம். அந்தக் கூலியை ஓனரிடம் முன்கூட்டியே சொல், கூச்சப்படாதே. டாக்சி நின்றாலும் அவருக்கு டியூ நிற்காது. அதனால் "பார்த்துச் சொல்றேன்" என்று இழுக்காமல், எந்த நேரத்துக்குள் என்ன தெரியும் என்று சொல். ஹாஃப் இன்ஜின்தான் என்று முடிவானால் பிளாக் மாறும், அதோடு இன்ஜின் நம்பரும் மாறும். பில் இல்லாத பிளாக்கை வாங்காதே, ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்பதையும் இப்போதே அவர் காதில் போடு. 2020இல் மாருதி டீசலை நிறுத்திவிட்டாலும் இந்த இன்ஜின் ஃபியட்டிலும் டாடாவிலும் ஓடியதுதான், சாமான் பஞ்சம் இல்லை. வண்டியின் இன்றைய விலையையும் உன் எஸ்டிமேட்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடு, முடிவை அவர் எடுக்கட்டும்.

நாளைக் காலை ஸ்டார்ட் செய்யும் முன் ஃபில்டரைக் கழட்டி, மடிப்பை விரித்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. பக்கத்தில் காந்தத்தையும் வை.

அன்புடன்,
அண்ணன்