முந்திரித் தொழிலாளரின் மணிக்கட்டு நோய்கள்

நம் நாட்டிற்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் பண்டங்களுள் முந்திரிப் பருப்பும் ஒன்று. கேரளத்தில் கொல்லமும் தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டமும் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. இதில் ஈடுபட்டுள்ளோருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் அவர்களின் தோலை அரிப்பது கண்ணுக்குத் தெரிகிறது; மணிக்கட்டினுள் மெல்ல வளரும் கேடோ எளிதில் புலப்படுவதில்லை.

வறுத்த கொட்டையைக் கல்லின்மேல் வைத்துச் சுத்தியால் தட்டி உடைப்பது ஒரு முறை. ஆவியில் வேகவைத்த கொட்டையைக் கையாலும் காலாலும் இயக்கும் கருவியில் வெட்டிப் பிளப்பது மற்றொரு முறை. இரண்டிலும் ஒவ்வொரு கொட்டையும் தனித்தனியே கையாளப்படுகிறது. சந்தையில் 320 எனப்படும் தரத்தில் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்புகள் இருக்கும். ஆகவே அத்தரத்தில் 10 கிலோ பருப்பு பெற 6,600க்குக் குறையாத கொட்டைகளை உடைத்தாக வேண்டும். பின்னர் ஒவ்வொரு பருப்பின் தோலும் உரிக்கப்பட வேண்டும்.

மணிக்கட்டின் குறுகிய வழியொன்றில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. ஓயாத அசைவினால் தசைநாண்களின் உறை வீங்கினால் நரம்பு நெருக்குண்டு, விரல்கள் மரத்துப்போகின்றன, இரவில் வலி மிகுகிறது, பிடிப்பு தளர்கிறது. பெருவிரல் பக்கத் தசைநாண் உறையின் அழற்சியை சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வேன் 1895இல் விவரித்தார்.

விபத்து ஒரு நொடியில் நிகழ்வது, பதிவேட்டில் ஏறுகிறது. இந்நோயோ பல மாதங்களில் முற்றுவது. தொடங்கிய நாளைச் சுட்ட இயலாது. எடைக்கேற்பக் கூலி பெறுபவர் கையை ஓய்வாக வைத்தால் அன்றைய வருவாய் குறைகிறது. ஆதலின் வலியை மறைத்து உழைப்பதே வழக்கமாகிறது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்கத்தக்கவையென வகுத்த 29 நோய்களுள் இவை இடம்பெறவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்போ 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் இவற்றைச் சேர்த்துள்ளது.

தடுக்கும் வழிகள் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. வெட்டும் அலகைக் கூர்மையாக வைத்தல், கைப்பிடியைப் பருமனாக்குதல், தரையில் குந்தியிருப்பதற்கு மாற்றாக ஏற்ற உயரத்தில் இருக்கை அளித்தல், வேலைப் பிரிவுகளை மாற்றித் தருதல், கூலி குறையாத சிற்றோய்வு ஆகியன அவை. விரல் மரத்துப்போகும் தொடக்க நிலையிலேயே இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் தொழிலைக் கேட்டுப் பதிவு செய்தால் நோயின் அளவு அரசுக்குத் தெரியவரும். கையே முதலாகக் கொண்ட பெண்ணுக்கு அக்கையைக் காப்பதே முதற்காப்பு.