வீட்டில் ஒலிக்கருவி

திரையரங்கிற் கேட்கும் முழக்கத்தை இல்லத்திலேயே கேட்டல் வேண்டும் என்னும் விருப்பம் இக்காலத்தில் பலரிடம் உண்டு. அதன்பொருட்டுத் திங்கள் தோறும் பணம் சேர்த்து, விலை மிகுந்த கருவிகளை வாங்கி வருகின்றனர். கடையில் தெளிவாக ஒலித்த கருவி வீட்டிற் குழறுவதைக் கேட்டு அன்றே திகைப்பாரும் உளர். கருவி பழுதென்று கடைக்காரரோடு வழக்காடுகின்றனர். பழுது பெரும்பாலும் கருவியில் இல்லை, அறையில் உள்ளது.

இவ்வுண்மையை அளந்து நிறுவியவர், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து இயற்பியல் ஆசிரியராய் இருந்த வாலஸ் சபைன் என்பார். அப்பல்கலைக்கழகம் 1895-ஆம் ஆண்டில் ஃபாக் கலைக்கூடம் என்னும் புதிய கட்டடத்தைத் திறந்தது. அதன் விரிவுரை மண்டபம் காட்சிக்கு இனிதாயினும் கேள்விக்கு ஒவ்வாததாயிற்று. ஆசிரியர் கூறிய ஒரு சொல் அடங்குவதற்கு ஏறத்தாழ ஐந்தரை நொடி ஆயிற்று; அது அடங்குமுன் அடுத்த பல சொற்கள் அதன்மேல் வந்து விழுந்தன. மாணவர்க்கு ஒன்றும் விளங்கவில்லை. குறை நீக்கும் பொறுப்பு இளைஞரான சபைனிடம் வந்தது. அவர் அணித்தே இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து மண்டபத்தில் பரப்பினார். ஆர்கன் குழல் ஒன்றை ஒலிப்பித்து நிறுத்தி, ஒலி தேய்ந்து மறையும் காலத்தைக் கடிகாரம் கொண்டு கணித்தார். தெருவோசை அடங்கிய நள்ளிரவே அவருக்கு ஏற்ற பொழுது. மெத்தைகள் மிக மிக, ஒலி நிற்குங் காலம் குறைந்துகொண்டே வந்தது. அறையின் கொள்ளளவு பெருகினால் ஒலி நீடிக்கும். ஒலியை விழுங்கும் பொருள் பெருகினால் அது விரைவில் அடங்கும் என்பது அவர் கண்ட விதி. 1900-இல் திறக்கப்பெற்ற பாஸ்டன் நகர இசை மண்டபம் அவ்விதியைத் துணைக்கொண்டு அமைந்ததே.

மண்டபத்திற்கு உற்றது இல்லத்து அறைக்கும் உரியதே. சிமெண்டுச் சுவரும், டைல்ஸ் பதித்த தரையும், கண்ணாடிச் சன்னலும் ஒலியை விழுங்குவன அல்ல. பந்தைப் போலத் திருப்பி எறிவன. வெற்றறையின் நடுவில் நின்று கைதட்டினால், தட்டிய ஓசைக்குப் பின்னே உலோகம் அதிர்ந்தாற் போன்ற ஓசை ஒன்று தொடரும். கருவி வாங்குமுன் இச்சோதனையைச் செய்து பார்த்தல் நன்று, காசு செலவில்லாதது. தரையில் தடித்த விரிப்பும், சன்னலுக்குக் கனத்த திரைச்சீலையும், சுவரோரம் புத்தகம் நிறைந்த திறந்த அலமாரியும் அமையுமாயின் பேச்சும் பாட்டும் தெளியும்.

எனினும், துணி வகைகள் உயர்ந்த ஒலியையே பெரிதும் விழுங்கும். முரசொலி போன்ற தாழ்ந்த ஒலி அவற்றுக்கு அடங்காது. அறையின் சில இடங்களில் திரண்டும் சில இடங்களில் மெலிந்தும் நிற்கும். ஆதலின், தாழ்ந்த ஒலிக்கென அமைந்த 'சப்ஊபர்' பெட்டியைக் கண்ட மூலையில் தள்ளிவிட்டால் வீடு அதிரும், பாட்டுக் கெடும். அப்பெட்டியைச் சிறிதுநேரம் கேட்போர் அமரும் இடத்திலேயே வைத்து ஒலிக்கச் செய்து, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்டு வந்தால், ஒலி சீராக உள்ள இடம் புலப்படும். அவ்விடத்தே பெட்டியை வைத்துவிட்டு, உரிய இருக்கையில் அமரலாம். பெரியோர் தவழ்தல் நகைப்பிற்கு இடமாயினும் வழி சிறந்ததே.

இனிக் கருவியைத் தேர்தல். மின்குறிப்பை வலுப்படுத்துவது 'ஆம்பிளிபயர்'; அவ்வலுவைக் காற்றின் அசைவாக்கி ஒலிப்பது 'ஸ்பீக்கர்'. பின்னதையே மக்கள் ஒலிபெருக்கி என வழங்குகின்றனர். உண்மையிற் பெருக்குவது முன்னதே. வழக்கு வலிதாகலின் அப்பெயரை மாற்றுவார் இலர்.

சில கருவிகளின் அட்டைப் பெட்டிமேல் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் வாட்டு எழுதியிருக்கும். அது நம்பத்தகாத எண். தொடர்ந்து தரும் ஆற்றலைக் குறிக்கும் 'ஆர்.எம்.எஸ்.' எண்ணையே கேட்டறிதல் வேண்டும். அவ்வெண் இருமடங்காயினும் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். செவிக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின், ஆற்றல் ஏறத்தாழப் பத்து மடங்காதல் வேண்டும். 50 வாட்டுக் கருவியை விடுத்து 100 வாட்டுக் கருவிக்கு இருமடங்கு விலை கொடுப்பார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

கடையில் இரு கருவிகளை ஒப்பிடுங்கால் இரண்டும் ஒரே உரப்பில் ஒலித்தல் இன்றியமையாதது. சற்றே உரத்து ஒலிப்பது எதுவோ, அதனையே செவி நல்லதென்று கொள்ளும். வெடியோசை நிறைந்த திரைப்படக் காட்சி கருவியின் தரத்தைக் காட்டாது. நன்கு பழகிய பாடகர் ஒருவரின் குரலையோ, வெறும் உரையாடலையோ கேட்டல் வேண்டும். மனிதக் குரலின் இயல்பு செவிக்கு நன்கு பழகியதாதலின், பிழை உடனே தெரியும்.

இரு ஸ்பீக்கர்களும் கேட்போனும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைதல் நன்று. கம்பிகளைப் பிணைக்குங்கால், சிவப்புக் கம்பியைச் சிவப்பு முனையிலும் கறுப்புக் கம்பியைக் கறுப்பு முனையிலும் சேர்த்தல் வேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் இவை மாறிவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். தாழ்ந்த ஒலி பெரிதும் அழிந்துபோம். புதுக்கருவி மெலிந்து ஒலிக்கின்றது என்னும் குறை இக்கம்பியளவே ஆதலும் உண்டு.

அறையைத் திருத்தலாம், கருவியை மாற்றலாம், செவியை மாற்ற இயலாது. உட்செவியில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் உள்ளன. பேரொலியால் மாய்ந்தவை மனிதர்க்கு மீண்டும் தோன்றுவதில்லை. தனியே இசை கேட்கும் கருவிகளுக்கென உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி, பெரியோர் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம்; சிறுவர்க்கோ 75 டெசிபலே எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறுந்தோறும் அக்காலம் பாதியாகக் குறையும். 90 டெசிபலாயின் பெரியோர்க்கும் வாரத்திற்கு 4 மணி நேரமே. படம் முடிந்து கருவியை நிறுத்திய பின்னும் காதினுள் இரைச்சல் கேட்குமாயின், அன்று வைத்த ஒலி அளவு கடந்தது என்று அறிந்து, மறுநாள் திருகைக் குறைத்து வைத்தல் வேண்டும்.