மின்னூல் கருவிகளின் இடைமுகம்: ஓர் ஒப்பாய்வு

அச்சிட்ட நூலைத் திறப்பதற்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை. எழுத்தறிந்த எவரும் அதைப் புரட்டலாம்; படித்து முடித்தபின் அடுத்தவரிடம் கொடுக்கலாம். மின்னூலோ ஒரு கருவியின் வழியாகவே வாசகரை வந்தடைகிறது. கருவியின் திரை, பொத்தான், பட்டியல், எழுத்துரு, ஒலி ஆகியவற்றின் தொகுதியே பயனர் இடைமுகம் எனப்படுகிறது. அது யாரை மனத்திற்கொண்டு அமைக்கப்படுகிறதோ, அவருக்கே நூல் எளிதில் கிட்டும். இதனை விளக்க, பெங்களூரு நகரின் மல்லேஸ்வரத்தை அடுத்துள்ள இந்திய அறிவியல் கழகத்தில் கருக்கொண்ட முயற்சிகளைப் பிற கருவிகளுடன் ஒப்பிடுவது பயனுடையதாகும்.

சிம்ப்யூட்டர்

1999-ஆம் ஆண்டில் கழகத்தின் கணினி அறிவியலாளர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர்களும் இணைந்து சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை நிறுவினர். எழுத்தறியாதவரும் பயன்படுத்தக்கூடிய, விலை குறைந்த கையடக்கக் கணினியை உருவாக்குவது அதன் நோக்கம். நூல் வாசிப்புக்கென்றே அமைந்த கருவியாக இது இல்லாவிடினும், வாசிப்புக் கருவிகளுக்குரிய அடிப்படை வினாக்களை இது முன்கூட்டியே எதிர்கொண்டது.

இதில் விசைப்பலகை இல்லை. தொடுதிரையில் தோன்றும் படக்குறிகளை எழுத்தாணியால் தொட்டால் போதும். கன்னடம், இந்தி உள்ளிட்ட மொழிகளில் உரையை ஒலியாக்கும் மென்பொருளும் இதற்கென உருவாக்கப்பட்டது. ஒரே கருவியை ஊரார் பலரும் பயன்படுத்தும் பொருட்டு, அவரவர் விவரங்களைத் தனித்தனி ஸ்மார்ட் கார்டில் வைத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. 2004-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் வெளிவந்த அமிடா சிம்ப்யூட்டர், கையின் அசைவை உணர்ந்து பக்கம் புரட்டும் வசதியையும் பெற்றிருந்தது. எனினும் விற்பனை எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. அதன் இடத்தைப் பிற்காலத்தில் கைப்பேசிகள் பிடித்துக்கொண்டன.

கிண்டில்

2007-இல் அமெரிக்காவில் அறிமுகமான கிண்டில் வேறொரு நோக்கில் பிறந்தது. இதன் மின்மைத் திரை காகிதத்தைப் போல வெயிலிலும் தெளிவாகத் தெரியும். பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் செலவாகும். முதற் கருவியின் இரு ஓரங்களிலும் பக்கம் புரட்டும் நீண்ட பொத்தான்கள் இருந்தன. 2011-இல் வந்த தொடுதிரைக் கருவியில் பொத்தான்களின் இடத்தைத் திரைப்பகுதிகளே ஏற்றன. திரையின் பெரும்பகுதியைத் தொட்டால் அடுத்த பக்கமும், இடது ஓரத்தைத் தொட்டால் முந்தைய பக்கமும், மேற்பகுதியைத் தொட்டால் பட்டியலும் வரும். திரையில் குறி எதுவும் இல்லாமையால் இப்பகுதிகளை வாசகர் கற்று நினைவில் கொள்ள வேண்டியுள்ளது.

சிம்ப்யூட்டர் ஒரு கருவியைப் பலருக்குப் பொதுவாக்கியது. கிண்டிலில் வாங்கிய நூல்களோ வாங்கியவரின் கணக்குடன் பிணைந்துள்ளன. வீட்டு வாசிப்புக்கு இது பொருந்தும். பொது நூலகத்துக்கும் பள்ளிக்கும் எளிதில் பொருந்துவதில்லை.

மொழியும் எழுத்தும்

கிண்டில் கடையில் 2016-இல் இந்தி, தமிழ், மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய 5 மொழிகளுக்கு முறையான இடம் அளிக்கப்பட்டது. அப்பட்டியலில் கன்னடம் இல்லை. தமிழும் கன்னடமும் அருகருகே ஒலிக்கும் மல்லேஸ்வரத்தில், அன்று தமிழ் வாசகருக்குக் கிடைத்த ஆதரவு அண்டை வீட்டுக் கன்னட வாசகருக்குக் கிட்டவில்லை. கருவி ஒன்றே; வாசகரின் மொழியே அதன் பயனை முடிவு செய்தது.

எழுத்துகள் திரையில் தோன்றுவது மட்டும் போதாது. கன்னடத்தில் கூட்டெழுத்தின் இரண்டாம் மெய் முதலெழுத்தின் கீழே எழுதப்படுவதால், ஆங்கிலத்துக்கென வகுத்த வரி இடைவெளி நெருக்கமாகிவிடக்கூடும். தமிழில் ‘மரத்தை’ என்ற சொல்லைத் தொட்டால், அகராதி ‘மரம்’ என்ற பதிவுக்குச் செல்ல வேண்டும். சொல்லின் வடிவத்தை மட்டும் ஒப்பிடும் கருவி இங்கே தோல்வியுறும்.

பக்கப் படமும் உரையும்

நூலின் கோப்பு வடிவமும் இடைமுகத்தின் ஒரு பகுதியே ஆகும். இந்திய அறிவியல் கழகம் முக்கியப் பங்காற்றிய இந்திய மின்னணு நூலகத் திட்டத்தின் மூலம், 2000-களில் பல இலட்சம் நூல்கள் பக்கப் படங்களாகப் பதிவாயின. அழியும் நிலையிலிருந்த நூல்களுக்கு இது பெருங்காப்பாக அமைந்தது. ஆயினும் சிறிய திரையில் பக்கப் படத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கு வெளியே சென்றுவிடும். படத்தை ஒலியாக்கவும் இயலாது. 2007-இல் தரமாக ஏற்கப்பட்ட இபப் வடிவத்தில், எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரிகள் திரைக்கேற்பத் தாமே மடங்கி அமையும்.

பார்வைக் குறைபாடு உடையோருக்கு இவ்வேறுபாடு வாசிப்புக்கும் வாசிக்க இயலாமைக்கும் இடையிலான வேறுபாடாகும். அவர்களுக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக உறுதி செய்த நாடு இந்தியா. 2016-இல் சுகம்ய புஸ்தகாலயா என்னும் மின் நூலகமும் தொடங்கப்பட்டது. கருவிகளின் இடைமுகம் ஒத்துழைத்தாலன்றி இம்முயற்சிகளின் முழுப்பயன் வாசகரைச் சேராது.

தேர்வுக்கான அளவுகோல்கள்

நூலகத்துக்கோ பள்ளிக்கோ கருவி வாங்கும் அலுவலர் விலையையும் நினைவகத்தையும் மட்டும் நோக்குதல் போதாது. வட்டார மொழியின் எழுத்துகள் சிதையாமல் தோன்றுகின்றனவா, தேடலும் அகராதியும் அம்மொழியில் இயங்குகின்றனவா, உரை ஒலியாகிறதா, ஒரு கருவியைப் பலர் பயன்படுத்த இயலுமா, முதன்முறை தொடுபவர் துணையின்றிப் பக்கம் புரட்ட முடிகிறதா என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை காண வேண்டும். இவ்விடைகளை விற்பனைக் குறிப்பேட்டில் தேடுவதைவிட, கருவியை அவ்வூர் வாசகர் சிலரிடம் கொடுத்துப் பார்த்து அறிவதே சிறந்த முறையாகும்.