கசந்தால் துப்பிவிடுங்கள்

சாப்பாடும் புற்றுநோயும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் 22 ஆண்டுகளாகப் பணியாற்றும் உணவியல் நிபுணர் பதில் சொல்கிறார்.

கேள்வி: முள் சீத்தாப்பழம் கீமோதெரபியைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி வாய்ந்தது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதிலிருந்து வீட்டில் எல்லோரும் பழம் சாப்பிடுகிறோம், இலையைக் கொதிக்க வைத்தும் குடிக்கிறோம். எவ்வளவு குடிக்கலாம்? (வாசகி, சேலம்)

பதில்: ஒரு சொட்டும் வேண்டாம். பழத்தை எப்போதாவது ஆசைக்குச் சாப்பிடுங்கள், இலைக் கஷாயத்தை இன்றோடு நிறுத்துங்கள். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களின் மேல் அதன் சாற்றை விட்டுப் பார்த்தார்கள். அந்தச் செய்திக்கு வேர் அவ்வளவுதான். கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்லைக் கொல்ல ப்ளீச்சிங் பவுடராலும் முடியும். மனித உடம்பில் அந்தப் பத்தாயிரம் மடங்கை யாரும் காட்டியதில்லை. கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாக எடுத்துக்கொண்டவர்களிடம், பார்க்கின்சன் போன்ற ஒரு நரம்பு நோய் அதிகமாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அதிலுள்ள அனோனாசின் என்ற பொருள்மேல்தான் சந்தேகம். அந்தப் பழத்துக்குக் கொடுக்கிற காசில் கொய்யாவும் முருங்கைக்கீரையும் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: தினமும் ராத்திரி மஞ்சள் பால் குடித்தால் புற்றுநோய் வராதா? (வாசகர், கரூர்)

பதில்: பிடித்தால் குடியுங்கள். அதை நம்பி சிகரெட்டைத் தொடராதீர்கள்.

கேள்வி: பஜ்ஜி சுட்ட எண்ணெயை வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாமா? எங்கள் மாமியார் மூன்று நாள் வைத்திருக்கிறார். (வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஒருமுறை சுட்டு வடிகட்டியதை மறுநாள் தாளிக்கவும் பொரியலுக்கும் போட்டுத் தீர்த்துவிடுங்கள். திரும்பவும் அதிலேயே பொரிக்க வேண்டாம். எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, ஊற்றும்போது பிசுக்கென்று விழுந்தால் அது முடிந்துபோன எண்ணெய். கடைகளுக்குச் சட்டமே உண்டு. காய்ந்து காய்ந்து எண்ணெயில் சேரும் கழிவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018-லிருந்து விதி இருக்கிறது. உங்கள் மாமியாரிடம் சட்டம் பேசாதீர்கள், சின்ன வாணலி ஒன்று வாங்கிக் கொடுங்கள். குழிவான சின்ன வாணலியில் கால் லிட்டர் எண்ணெயிலேயே நாலு பேருக்கு பஜ்ஜி சுடலாம். மிச்சமாகிற எண்ணெய் குறைந்தால் அதைக் காப்பாற்றுகிற கவலையும் குறையும்.

கேள்வி: எங்களுக்கு இரண்டு ஏக்கர் மல்லாட்டை. நல்ல பருப்பை மண்டிக்குப் போட்டுவிட்டு, ஒதுங்கிய சொத்தையையும் சுருங்கலையும் மரச்செக்கில் ஆட்டி வீட்டுக்கு வைத்துக்கொள்கிறோம். சொந்தக் கடலை, கலப்படமே கிடையாது. எண்ணெய் மட்டும் லேசாகக் கசக்கிறது. புற்றுநோய் வராமலிருக்க செக்கு எண்ணெய்தானே நல்லது? (விவசாயி, திண்டிவனம் பக்கம்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். விளைவித்த நீங்கள் நல்லதை ஊருக்குக் கொடுத்துவிட்டு, கழித்துப் போட வேண்டியதை உங்கள் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறீர்கள். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. அதனால்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. எந்தக் கிருமியும் அகப்படவில்லை. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தில் காரணம் இருந்தது. கடலையில் வளர்ந்த ஒரு பூசணம் உண்டாக்கிய நஞ்சு அது. அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடி கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்குமேல் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். அவை அந்த நஞ்சு ஒரே சமயத்தில் நிறைய உள்ளே போனதால் வந்த சாவுகள். கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் போனால் அது கல்லீரல் செல்லின் மரபணுவைச் சிதைத்துப் புற்றாக்குகிறது. ஹெபடைடிஸ் பி கிருமியும் கூடவே உடம்பில் இருந்தால் ஆபத்து பல மடங்காகப் பெருகும். ஷாங்காயில் பதினெட்டாயிரம் ஆண்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில், இரண்டும் சேர்ந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய 60 மடங்கு இருந்தது.

இந்த நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. ரீஃபைண்ட் ஆலையில் எண்ணெயைக் காரம் சேர்த்துக் கழுவி வெளுக்கும்போது பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. செக்கில் அந்த வேலை கிடையாது, பருப்பில் இருந்ததில் ஒரு பங்கு எண்ணெயோடு வரும். மிச்சம் பிண்ணாக்கில் தங்கும். அந்தப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைப்பீர்கள். மாட்டின் உடம்பில் அது கொஞ்சம் உருமாறி, பாலில் இறங்கி, காலையில் உங்கள் பேரன் டம்ளருக்கு வந்துவிடும். செக்கு எண்ணெயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் செக்கு எண்ணெய்தான். செக்குக்குள் போகிற பருப்பைப் பார்க்காமல் செக்கை மட்டும் கும்பிடுகிறோமே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

போன மாதம் ஒரு கிலோ பருப்பு வாங்கி வெள்ளைத் தட்டில் கொட்டிப் பொறுக்கினேன். தோல் கறுத்தது, சுருங்கியது, பூச்சி துளைத்தது, இரண்டாகப் பிளந்து உள்ளே மஞ்சளோ பச்சையோ பூத்தது எல்லாவற்றையும் ஒதுக்கினேன். ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் அதிகம் வந்தது. நஞ்சின் பெரும்பகுதி அந்தக் கைப்பிடிக்குள்தான் இருக்கும். எல்லாப் பருப்பிலும் அது சமமாகப் பரவி இருக்காது, சில பருப்பில் மட்டும் மிக அதிகமாக இருக்கும். முறத்தில் போட்டுப் பொறுக்கிய நம் பாட்டிகள் செய்தது அரைகுறை வேலை இல்லை. நீங்கள் தலைகீழாகச் செய்கிறீர்கள், அந்தக் கைப்பிடியை மட்டும் சேர்த்து ஆட்டுகிறீர்கள். கசப்பு அந்த நஞ்சின் ருசி அல்ல, கெட்ட பருப்பின் ருசி. கெட்ட பருப்பில் அது இருக்க வாய்ப்பு அதிகம். கசக்காததால் மட்டும் ஒரு பருப்பு சுத்தம் என்றும் ஆகிவிடாது. ஆனால் வாயில் கசந்த கடலையை விழுங்குகிறவரை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. துப்பிவிடுங்கள், விருந்துக்குப் போன வீடானாலும் துப்புங்கள்.

அடுத்த போகத்துக்குச் சில விஷயங்கள். பிடுங்கிய கொடியைக் காய் மேலே பார்க்கக் கவிழ்த்துக் காயவையுங்கள். ஆய்ந்த காயை ஈரத்தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் பரப்பி, காதருகே குலுக்கினால் பருப்பு கடகடவென்று ஆடும்வரை விடுங்கள். உடைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று காயில் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் இருக்கிறது. பூசணத்துக்கு நாமே விருந்து வைப்பது அது. சாக்கைச் சுவரில் சாய்க்காமல் பலகைமேல் அடுக்குங்கள். ஒதுக்கிய சொத்தையை ஆட்டவும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம். எரித்துவிடுங்கள். இப்போது வீட்டிலிருக்கும் எண்ணெயை விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். காசு போகிறதே என்று வலிக்கும், எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோரும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்து, இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் புகையிலை போடமாட்டார், வெறும் பாக்குதான். அது ஜீரணத்துக்கு நல்லது என்கிறார். கொஞ்ச நாளாகச் சாம்பார்கூட காரமாக இருக்கிறது, வாய் எரிகிறது என்று தட்டைத் தள்ளுகிறார். காரமில்லாத பத்தியச் சமையல் குறிப்பு தரவும். (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அம்மா, சமையலை விடுங்கள். அவரைக் கண்ணாடி முன் நிறுத்தி வாயை முழுதாகத் திறக்கச் சொல்லுங்கள். தன் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் கன்னத்தின் உட்புறம் நாராக இறுக ஆரம்பித்திருக்கலாம். பாக்கு செய்கிற வேலை அது. வாய் எரிவது அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. புகையிலை சேராத பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. விரல் நுழைந்தாலும் நுழையாவிட்டாலும் இந்த வாரமே பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பாக்கு இன்றே நிற்க வேண்டும். தாம்பூலத் தட்டில் அது இருந்துவிட்டுப் போகட்டும், வாய்க்குள் வேண்டாம்.

கேள்வி: ஆட்டுக்கறியும் சிகரெட்டும் ஒரே வகை என்று படித்தேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை விட்டுவிட வேண்டுமா? (வாசகர், மதுரை)

பதில்: விட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் அதே ஆய்வு அமைப்பு 2015-ல் விட்ட அறிவிப்பைத்தான் பாதி பாதியாகப் படித்திருக்கிறீர்கள். புகையிலை இருக்கும் முதல் வகையில் சேர்த்தது சாசேஜ், பேக்கன், சலாமி மாதிரி உப்பும் ரசாயனமும் போட்டுப் பதப்படுத்திய இறைச்சியை. ஆடு, மாடு, பன்றி இறைச்சி அதற்கு அடுத்த வகை, 'அநேகமாக' என்ற வகை. ஒரே வகை என்றால் ஆதாரம் ஒரே அளவு உறுதி என்று அர்த்தம், ஆபத்து ஒரே அளவு என்று அல்ல. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றார்கள். நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று அதற்குப் பொருளில்லை. ஏற்கெனவே இருக்கிற சின்ன ஆபத்து ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும், அவ்வளவே. வாரத்துக்குச் சமைத்த கறி அரை கிலோவுக்குள் இருந்தால் போதும். பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் தினமும் போகிற சிக்கன் சாசேஜைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. உங்கள் வீட்டிலும் போகிறதென்றால் அதை நிறுத்துங்கள்.

கேள்வி: கருவாடு? (வாசகி, ராமேஸ்வரம்)

பதில்: புற்றுநோய்ப் பட்டியலில் இருப்பது தென் சீனத்து உப்புமீன். அங்கே கைக்குழந்தைக்கே அதை ஊட்டி வளர்ப்பார்கள். நம் கருவாட்டில் என் கவலை உப்புதான். உப்பில் ஊறிய உணவு அன்றாடமானால் இரைப்பைக்கு ஆகாது. வெந்நீரில் இரண்டு முறை ஊறவைத்துக் கழுவுங்கள், குழம்பில் உப்பு போடாதீர்கள், வாரம் ஒரு நாள் போதும். கூடவே அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றையும் தொட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அப்பா முப்பது வருடமாகப் புகைக்கிறார். நுரையீரலைக் காக்க பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்கித் தரலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: கூடவே கூடாது, தம்பி. பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29 ஆயிரம் பேரிடம் இதைத்தான் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இதே மாதிரிச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கேரட்டாகச் சாப்பிடும்போது இந்தப் பிரச்சினை இல்லை. மாத்திரைக் காசில் அப்பாவைப் புகை நிறுத்த உதவும் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. சர்க்கரை புற்றுக்குத் தீனி என்று சொன்னார்கள். சர்க்கரை, சாதம், பால், பழம் எல்லாம் நிறுத்திவிட்டோம். 52 கிலோ இருந்தவர் 45 ஆகிவிட்டார். புற்று சுருங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? (வாசகி, கோவை)

பதில்: சுருங்குவது உங்கள் அம்மா. நாளைக் காலை எழுந்ததும் இட்லி கொடுங்கள், தொட்டுக்கொள்ளச் சர்க்கரை கேட்டால் அதையும் கொடுங்கள். எல்லா செல்லும் சர்க்கரையில்தான் ஓடுகிறது. சாப்பாட்டில் நிறுத்தினால் உடம்பு தன் தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்துகொள்ளும். அந்த ஏழு கிலோவில் நிறையத் தசை போயிருக்கும். தசை போனால் அடுத்த கீமோவைத் தாங்க மாட்டார், மருத்துவர் தள்ளிப்போடுவார். நன்றாக வெந்த முட்டை, மீன், பருப்பு, பால், குழைந்த சாதம், எது இறங்குகிறதோ அதை இரண்டு மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நீரிழிவு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் அளவு கேளுங்கள். எடை குறைந்ததை அவரிடம் நாளைக்கே சொல்லிவிடுங்கள். பயந்து செய்தீர்கள், தெரிகிறது. உங்கள்மேல் கோபமில்லை. தீனி என்று சொன்னவர் மேல்தான் கோபம்.

கேள்வி: பஞ்சுமிட்டாய்? (நான்காம் வகுப்பு மாணவி, விருதுநகர்)

பதில்: ரோடமின் பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தடை செய்துவிட்டார்கள், கண்ணு. கண்ணைப் பறிக்கிற சிவப்பில் எந்த மிட்டாய் இருந்தாலும் வாங்காதே. கடலைமிட்டாய் சாப்பிடு. கசந்தால் துப்பிவிடு.

கேள்வி: என் கணவருக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய். கொழுந்தனாருக்கு 41 வயது. என் சமையல்தான் காரணம் என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். பரோட்டாவும் கறியும் நான் செய்துபோட்டதுதான். ராத்திரி தூக்கமில்லை. (பெயர் வேண்டாம், தஞ்சாவூர்)

பதில்: உங்கள் சமையலால் வந்தது என்று இந்த உலகத்தில் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. காய்கறி, கீரை, பழம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 400 கிராம், முழுதானியம், அளவான எடை, மது இல்லாமை இவையெல்லாம் ஆபத்தைக் குறைக்கும். குறைக்கும் என்றுதான் சொல்கிறோம், இல்லாமல் ஆக்கும் என்று சொல்லவில்லை. கீரையும் ராகியும் தவிர வேறு எதுவும் தொடாத மனிதர்கள் என் வார்டில் படுத்திருக்கிறார்கள். அதே பரோட்டாவை அதே வீட்டில் சாப்பிட்ட நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள். வயது, மரபு, செல் பிரியும்போது நேரும் பிழை என்று எத்தனையோ சேர்ந்து வருவது இது. இந்தப் பத்தியை மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். பெற்றோர், உடன்பிறந்தவர் என்று நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தால், மற்றவர்கள் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்பு, எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுக் கணக்கில் அது 38. கொழுந்தனாருக்கு 41 என்று எழுதியிருக்கிறீர்கள், அவர் இந்த மாதமே போகட்டும். பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம், 38-ல் போதும். உங்கள் கணவருக்கு ஐம்பதுக்குள் வந்ததால் மரபணுச் சோதனை தேவையா என்று மட்டும் அடுத்த முறை மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.