நாற்றாகும் தலைமுடி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

முன்னுரை

முடி நடவு அறுவை என்றவுடன் நம்மில் பலருக்குத் திரைப்பட நடிகர்களும், நகரத்து விளம்பரப் பலகைகளும்தாம் நினைவுக்கு வருவார்கள். பணமுள்ளவர் செய்துகொள்ளும் ஒப்பனை அது என்றே நானும் எண்ணியிருந்தேன். திருத்தங்கல்லில் பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் குடும்பத்தில் பிறந்து, அக்குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய எனக்கு, அவ்வெண்ணம் தவறு என்று உணர்த்தியவர் என் அக்காள்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, அக்காள் பயராபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார். என் நோட்டுப் புத்தகமும் பஸ் செலவும் அவருடைய வாரச் சம்பளத்திலிருந்துதான் வந்தன. ஒரு நாள் அடுத்த அறையில் மருந்து உராய்ந்து தீப்பற்றியது. அக்காள் உயிர் பிழைத்தார். ஆனால் வலப் புருவம் முழுவதும் போயிற்று. வலக்காதுக்கு மேலே உள்ளங்கையளவு இடத்தில் முடியில்லாமல் தழும்பு மட்டும் நின்றது. "முகம் தப்பியதே பெரிது" என்று உறவினர் ஆறுதல் சொன்னார்கள். அக்காளும் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக் கொண்டு காலத்தை ஓட்டினார்.

இப்போது அவர் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறார். ஒரு நாள் இரவு என்னிடம், "தம்பி, தாளு மடிக்கையில வேர்வை நேரா கண்ணுக்குள்ள எறங்குதுடா. தொடைச்சா கை ஈரம் தாளுல ஒட்டுது. நீதான் படிக்கிறயே, இதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?" என்று கேட்டார். நெற்றி வியர்வையைக் கண்ணில் விழாமல் பக்கவாட்டில் திருப்பிவிடும் வரப்புதான் புருவம் என்று வகுப்பில் படித்தவன் நான். ஆயினும் அக்காளின் முகத்தில் அந்த வரப்பு இல்லாததை அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. நூலகத்திலும் மருத்துவமனை வராந்தாவிலும் நான் கற்றவற்றை நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

முடியும் மயிர்க்காலும்

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. வெளியே தெரியும் முடி, கெரட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரற்ற இழை. உயிருள்ள பகுதி தோலுக்குள் புதைந்திருக்கும் மயிர்க்காலே. ஒவ்வொரு மயிர்க்காலும் வளரும் பருவம், சுருங்கும் பருவம், ஓய்வுப் பருவம் என மூன்று பருவங்களைக் கடக்கிறது. தலைமுடியின் வளரும் பருவம் 2 முதல் 6 ஆண்டுகள். மாதத்திற்குச் சுமார் 1 செ.மீ. வளரும். புருவ முடிக்கோ வளரும் பருவம் சில மாதங்களே. நம் புருவம் தோள்வரை தொங்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்!

மேலோட்டமான தீக்காயத்தில் ஆழத்திலுள்ள மயிர்க்கால் தப்பிவிடும். முடி மீண்டும் முளைக்கும். ஆழமான தீக்காயத்தில் மயிர்க்காலே அழிந்து, அவ்விடம் தழும்பாகிவிடும். அங்கே உடல் புதிய மயிர்க்கால்களைப் படைத்துக்கொள்வதில்லை. அம்மா இரண்டு ஆண்டுகள் அக்காளின் தழும்பில் கரிசலாங்கண்ணித் தைலம் தேய்த்துப் பார்த்தார். வேரே இல்லாத நிலத்தில் நீர் பாய்ச்சி என்ன பயன்? வேரோடு கொண்டுவந்து நடுவது ஒன்றே வழி.

தழும்பிலிருந்து தொடங்கிய வரலாறு

1939-ஆம் ஆண்டு ஜப்பானியத் தோல் மருத்துவர் ஷோஜி ஒகுடா, முடியுள்ள தோலைச் சிறு வட்டங்களாக எடுத்து, தலையிலும் புருவத்திலும் முடியிழந்த இடங்களில் நட்ட முறையை எழுதி வெளியிட்டார். இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டதால் அவருடைய ஆய்வு மேலைநாடுகளுக்கு உடனே எட்டவில்லை. 1952-இல் நியூயார்க் நகரில் நார்மன் ஓரன்ட்ரைக் என்பவர் வழுக்கைக்கு இவ்வறுவையைச் செய்து, 1959-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். இடம் மாற்றி நட்டாலும் மயிர்க்கால் தான் எடுக்கப்பட்ட இடத்தின் குணத்தையே காட்டும் என்பது அவர் கண்ட உண்மை. பின்தலை முடி வழுக்கையில் எளிதில் உதிராதது. ஆகவே முன்தலையில் நட்டாலும் நிலைக்கும்.

ஆக, வழுக்கைக்கு வரும் முன்னரே இக்கலை தழும்புக்கு வந்துவிட்டது எனலாம். ஒப்பனை என்று நாம் நகைக்கும் சிகிச்சையின் தொடக்கத்தில் காயம்பட்டவர்களே இருந்தார்கள் என்பது எனக்கு வியப்பளித்தது. அக்காளிடம் சொன்னபோது, "அப்போ நாம ஆசைப்படுறது தப்பில்ல" என்றார்.

யாரிடம் செல்வது?

முதலில் விளம்பரப் பலகையைப் பார்த்து ஒரு நகரத்து நிலையத்திற்குப் போனோம். முடி ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை சொன்னார்கள். அறுவை செய்யும் மருத்துவர் யார், மரத்துப்போகும் ஊசியை யார் போடுவார் என்ற கேள்விகளுக்கு நேரான விடை வரவில்லை. திரும்பி வந்துவிட்டோம்.

அது நல்லதாயிற்று. 2016-இல் சென்னையில் தனியார் நிலையம் ஒன்றில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அச்செய்தியைப் படித்ததும் அம்மா, "முடியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்" என்று அழுதார். அச்சம் இயல்பே. ஆனால் அச்சத்திற்கு விடை விலகி ஓடுவதன்று, கேட்டுத் தெளிவது.

தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முறையாகப் பயிற்சி பெற்ற பதிவு மருத்துவரே இவ்வறுவையைச் செய்ய வேண்டும். அவசர நிலையைச் சமாளிக்கும் வசதி அவ்விடத்தில் இருக்க வேண்டும். யூடியூபில் பார்த்துக் கற்பது போதிய பயிற்சி ஆகாது என்றும் அது தெளிவாகக் கூறுகிறது. ஆகவே மூன்று கேள்விகளைக் கூசாமல் கேளுங்கள்: கத்தியைப் பிடிப்பவர் யார்? மயக்க மருந்தின் அளவை முடிவு செய்பவர் யார்? மூச்சுத் திணறினால் உடனே என்ன செய்வீர்கள்?

பின்னர் மதுரையில் அரசு மருத்துவமனை ஒன்றின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவுக்குச் சென்றோம். பலமுறை அலைந்தோம், காத்திருந்தோம். ஆனால் கேட்ட ஒவ்வொன்றுக்கும் விடை கிடைத்தது.

தழும்பு நிலமும் நாற்றும்

டாக்டரம்மா தழும்பை விரலால் அழுத்தி விட்டார். வெளுத்த இடம் மீண்டும் சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். இரத்த ஓட்டத்தை அறியும் எளிய சோதனை அது. நட்ட மயிர்க்கால் முதல் சில நாட்கள் சுற்றியுள்ள திசு நீரை உறிஞ்சியே பிழைக்கிறது; பிறகுதான் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதனுடன் இணைகின்றன. தழும்பில் இக்குழாய்கள் குறைவு. நம் கரிசல் காட்டில் மிளகாய் நாற்று நடுகிறவர்கள் ஈரம் குறைந்த இடத்தில் நெருக்கி நடமாட்டார்கள் அல்லவா? அதே விதிதான் இங்கும். தழும்பு முதிர ஓராண்டாவது பொறுத்திருக்க வேண்டும். இடைவெளி விட்டு நட வேண்டும். பெரும்பாலும் இரண்டாம் முறையும் தேவைப்படும். தழும்பு மிகப் பெரிதாயின், முடியுள்ள தோலுக்கு அடியில் ஒரு பலூனை வைத்து, வாரக் கணக்கில் உப்புநீர் ஏற்றித் தோலை விரியச் செய்து, அத்தோலால் தழும்பை மூடும் வேறு முறையும் உண்டு.

அறுவைக்கு முன்

இரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, உறையும் நேரம், மஞ்சள் காமாலைக் கிருமி முதலியன சோதிக்கப்படும். உட்கொள்ளும் மாத்திரைகள், ஒவ்வாமை, முன்பு ஊசியால் நேர்ந்த தொல்லைகள் ஆகிய எதையும் மறைத்தல் கூடாது. ஆஸ்பிரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் தொடரவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. புகைப் பழக்கம் இரத்த ஓட்டத்தைக் குறைத்து நாற்றைக் கெடுக்கும்.

அறுவை நாளன்று

முதலில் நிழற்படம் எடுத்து, புருவத்தின் வடிவத்தை மையால் வரைவார்கள். கண்ணாடியில் பார்த்து நாம் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த வேலை. அக்காள் தம் இடப் புருவத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கீழ" என்றாராம்.

பெரும்பாலும் முழு மயக்கம் தருவதில்லை. அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். லிக்னோகெயின் ஊசி ஏறும்போது சில நிமிடங்கள் சுரீரென்று எரியும். இவ்வறுவையில் கடுமையான வலி அதுவே. அம்மருந்துக்கு உடல் எடையைப் பொறுத்த வரம்பு உண்டு. அட்ரினலின் கலந்ததாயின் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை என்பது பொதுவான மேல்வரம்பு. 48 கிலோ எடையுள்ள அக்காளுக்கு 336 மில்லிகிராம். 2 சதவீதக் கரைசலில் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருப்பதால், 16 மில்லிக்குச் சற்று மிகுதி. நம் செய்முறை வகுப்பில் போடும் கணக்குதான். இங்கே பிழையானால் இதயமும் மூளையும் பாதிக்கப்படும். அதனால்தான் விரலில் ஆக்சிஜன் அளவியை மாட்டி, நாடித் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நாற்றுப் பறிக்க இரு முறைகள் உண்டு. ஏறத்தாழ 1 மி.மீ. விட்டமுள்ள துளைக்கருவியால் மயிர்க்கால்களை ஒவ்வொன்றாக எடுப்பது ஒன்று. இதற்குப் பின்தலை முடியை ஒட்ட வெட்ட வேண்டும். பின்தலையில் மெல்லிய பட்டையாகத் தோலை எடுத்துத் தைத்துவிட்டு, அதை நுண்ணோக்கியில் வைத்துப் பிரிப்பது மற்றொன்று. நீண்ட கூந்தலுள்ள பெண்களுக்குத் தையலை முடியே மறைத்துவிடுமாதலால் அக்காளுக்கு இரண்டாம் முறையைக் கையாண்டார்கள்.

மயிர்க்கால்கள் ஒன்று முதல் நான்கு முடிகள் கொண்ட கொத்துகளாக இருக்கின்றன. குளிர்ந்த உப்புநீரில் அவற்றைக் காயாமல் வைத்திருப்பார்கள். பறித்த நாற்று வெயிலில் கிடந்தால் வாடுவது போல, காய்ந்த மயிர்க்கால் இறந்துவிடும். புருவத்திற்கு ஒற்றை முடிக் கொத்துகளே ஏற்றவை. ஊசியால் நுண்ணிய கீறல்கள் இட்டு, தோலோடு ஒட்டிப் படுத்தாற்போல் சாய்வாக நட வேண்டும். நிமிர்த்தி நட்டால் முள்போல நிற்கும். அக்காளுக்குப் புருவத்தில் 180, தலைத் தழும்பில் சோதனையாக 300 என்று நட்டார்கள். காலையில் உள்ளே போனவர் பிற்பகலில் வெளியே வந்தார். வலியைவிட அசையாமல் படுத்திருந்ததே பெரும்பாடு என்றார்.

அதன் பின்

இரண்டாம், மூன்றாம் நாளில் நெற்றியும் கண்ணிமையும் வீங்கலாம். பெரும்பாலும் தானே வடியும். காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி இவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நட்ட இடத்தைச் சொறியக் கூடாது. சிறு பொருக்குகள் பத்து நாட்களுக்குள் உதிர்ந்துவிடும். தையல் பிரிக்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும்.

மனம் தளரும் கட்டம் இனிமேல்தான். இரண்டு வாரங்கள் முதல் ஆறு வாரங்களுக்குள் நட்ட முடிகளில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். இதை முன்னமே அறியாதவர் எல்லாம் வீண் என்று கலங்குவர். அக்காளும் ஒரு காலையில் தலையணையில் கிடந்த புருவ முடிகளைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துவந்து, "போச்சுடா தம்பி" என்றார். உதிர்ந்தது இழைதான், மயிர்க்கால் உள்ளே ஓய்வுப் பருவத்தில் இருக்கிறது என்று வகுப்பில் வரைந்த படத்தைக் காட்டி விளக்கினேன். விளக்கினேனே தவிர, எனக்கும் உள்ளூர நடுக்கம்தான். நான்காம் மாதத்தில் பூனைமுடி போல் முதல் இழைகள் தெரிந்தன. முழுப் பயனைக் காண ஓராண்டு வரை ஆகும்.

முடிவுரை

இன்று அக்காளின் புருவம் ஏறக்குறைய நிறைந்துவிட்டது. தலைத் தழும்பில் நட்டதில் பாதியளவே பிடித்திருக்கிறது. அடுத்த முறைக்கு நாள் கேட்டிருக்கிறோம். நட்ட முடி பின்தலையின் குணம் மாறாமல் வளர்வதால், இரண்டு வாரத்திற்கு ஒருமுறை சிறு கத்தரியால் அக்காள் புருவத்தை நறுக்கிக் கொள்கிறார். ஓரன்ட்ரைக் கண்ட உண்மை எங்கள் வீட்டுக் கண்ணாடிக்கு முன் இவ்வாறு மெய்யாகிறது!

தீயே பற்றாமல் காப்பதுதான் முதல் மருத்துவம் என்பதில் ஐயமில்லை. எனினும் நம் வகுப்பறைகளிலேயே தாயின் கையிலோ தமையனின் முகத்திலோ தழும்பைக் கண்டு வளர்ந்தவர்கள் பலர் இருக்கிறோம். அவர்களுக்கு எது முடியும், எது முடியாது, எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று கேட்டறிந்து சொல்வது, அவர்கள் உழைப்பில் படிக்கும் நம் கடமையன்றோ?

சென்ற வாரம் அச்சகத்திலிருந்து திரும்பிய அக்காள் முந்தானையால் நெற்றியைத் துடைத்தபடி சொன்னார்: "இன்னிக்கு ஒரு துளி கூட கண்ணுல எறங்கலடா."